அறுபதுக்கு மேல் புது நட்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணி ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகளுக்காக ஊர் விட்டு வந்தவர்கள், துணையை இழந்தவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. சென்னையை வைத்து எழுதியிருந்தாலும் கோவை, மதுரை, திருச்சிக்காரர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எனக்கு 63 வயசு. இந்த வயசுல புதுசா ஃப்ரெண்ட் கிடைப்பாங்களா, இல்ல சும்மா ஆறுதலுக்குச் சொல்றீங்களா?

கிடைப்பார்கள். ஆனால் பள்ளியிலும் அலுவலகத்திலும் கிடைத்ததுபோல் தானாகக் கிடைக்க மாட்டார்கள். அங்கே அதே ஆட்களை அதே இடத்தில் தினமும் எட்டு மணி நேரம் யாரோ உட்கார வைத்திருந்தார்கள். அந்த ஏற்பாடு இப்போது இல்லை. அதைச் சின்ன அளவில் நாமே செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கு வேண்டுமா? அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தெரிந்தவர் ஒருவர் சாதாரண நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழித்திருக்க வேண்டும். அவர் ஆராய்ந்தது புதிதாக ஊர் மாறியவர்களையும் கல்லூரி மாணவர்களையும்தான், அதனால் இதைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் 5 நாள், தினம் 40 நிமிடம் ஒருவரோடு நடந்தால் 50 மணி நேரம் சேர 15 வாரம் ஆகும். பொங்கல் கழித்துத் தொடங்கினால் சித்திரை பாதியில் வந்து நிற்கும். பத்தே நாளில் "யாரும் ஒட்ட மாட்டேங்கறாங்க" என்று வீட்டில் உட்கார்ந்துவிடுபவர்கள்தான் அதிகம்.

34 வருஷம் கூட வேலை பார்த்தவங்க, ரிட்டயர் ஆனப்புறம் ஒருத்தர்கூட போன் பண்றதில்ல. என்கிட்ட ஏதாவது குறையா?

இல்லை. மேலே சொன்ன ஆய்விலேயே, சேர்ந்து வேலை செய்த நேரம் நட்புக் கணக்கில் அவ்வளவாக ஏறவில்லை. வேலை இல்லாதபோது சேர்ந்து இருந்த நேரம்தான் ஏறியது. 34 வருடம் பக்கத்து மேசையில் இருந்தும் ஒருநாள்கூட ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போகவில்லை என்றால், மேசை போனதும் பேச்சும் போய்விடும். மதியச் சாப்பாட்டில் உங்களோடு டப்பா திறந்தவர்கள் யார் என்று யோசியுங்கள். அந்த இரண்டு மூன்று பேருக்கு மட்டும் போன் செய்யுங்கள். "ஒருநாள் பார்க்கலாம்" என்று சொன்னால் அந்த நாள் வராது. "வர்ற வியாழன் 10 மணிக்கு, பாங்க் வேலை முடிச்சுட்டு காபி" என்று சொல்லுங்கள். உயிர்வாழ் சான்று கொடுக்கும் மாதம் இதற்கு நல்ல சாக்கு.

எங்க போய்த் தேடறது? கோயில், பார்க், லைப்ரரின்னு எல்லாரும் பொதுவா சொல்றாங்க.

ஓர் இடம் சரிப்படுமா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். அதே ஆட்கள் திரும்ப வருவார்களா? நாளும் நேரமும் நிலையாக இருக்கிறதா? கைக்கோ காலுக்கோ ஏதாவது வேலை இருக்கிறதா? மூன்றாவது கேள்வியை லேசாக நினைக்காதீர்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டியிருந்தால் புதியவர்களுக்குக் கூச்சம் வரும். இரண்டு பேருமே விளக்கு துலக்கிக்கொண்டிருந்தால் வராது. கல்யாண வீடு, புத்தகக் கண்காட்சி, ஒருநாள் சுற்றுலா மூன்றும் இதில் தேறாது. எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும்.

நன்றாகத் தேறுவது உழவாரப்பணி. பல ஊர்களில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கோயிலைத் தேர்ந்தெடுத்துப் பிராகாரத்தில் புல் செதுக்குவது, எண்ணெய்ப் பிசுக்கு எடுப்பது, ஒட்டடை அடிப்பது என்று காலை முழுக்க வேலை நடக்கும். முழங்கால் மடக்க முடியாதவர்களுக்குப் பித்தளை விளக்குகளைப் புளி போட்டுத் துலக்கும் வேலை உண்டு. நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யலாம், பேச்சு அதிகம் நடப்பதும் அங்கேதான். மாதம் ஒருமுறை மட்டும் என்றால் மணி நேரம் மெதுவாகத்தான் சேரும். அதே குழுவில் வாராவாரம் தேவார வகுப்போ திவ்யப் பிரபந்த வகுப்போ நடந்தால் அதிலும் சேருங்கள்.

கோயில் பழக்கம் இல்லாதவர்களுக்குக் கிளை நூலகங்களில் இருக்கும் வாசகர் வட்டம் நல்லது. கூட்டம் என்றைக்கு என்று நூலகரிடம் கேளுங்கள். யோகா வகுப்பு பரவாயில்லை ரகம். கண்ணை மூடிக்கொண்டிருக்கும் நேரம் நட்பில் சேராது, வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும் பத்து நிமிடம்தான் சேரும். டிசம்பர் சபாக்களில் மாலைக் கச்சேரியைவிடக் காலை விளக்கவுரைகள் இதற்குத் தோது. கிட்டத்தட்ட அதே ஆட்கள் தினமும் வருவார்கள், முடிந்ததும் நேராக கேன்டீனுக்குத்தான் போவார்கள்.

இதுக்கெல்லாம் செலவு ஆகுமே?

பெரிதாக ஆகாது. சென்னையில் வசிக்கும் 60 வயது நிறைந்தவர்களுக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகம் மாதம் 10 இலவசப் பயண டோக்கன் தருகிறது. ஏசி பஸ்ஸில் செல்லாது. பத்து டோக்கன் என்றால் போக வர ஐந்து நாள். வாரம் ஒரு வகுப்புக்குப் போய்வந்தாலும் மிஞ்சும்.

மூணு மாசமா பார்க்குக்குப் போறேன். எல்லாரும் தலையாட்டறாங்க, அதுக்கு மேல நகரல.

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பெரும்பாலும் கோளாறு திசையில் இருக்கும். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவோ தி.நகர் நடேசன் பூங்காவோ, எங்கே வட்டப் பாதை இருந்தாலும் எல்லோரோடும் ஒரே திசையில் ஒரே வேகத்தில் நடந்தால் முன்னால் போகிறவரின் முதுகைத்தான் மாதக்கணக்கில் பார்ப்பீர்கள். முதல் பத்து நாள் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடங்கள். உங்கள் வேகத்திலேயே வருகிற ஒருவரை ஒரு சுற்றில் இரண்டு முறை எதிரெதிரே பார்ப்பீர்கள். முகங்கள் பழகும், யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்பதும் பிடிபடும். அதன்பின் திசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பேச்சு. அந்த இடத்தைப் பற்றியே ஒரு வரி போதும்: "இன்னிக்கு அந்த கேட்டைத் திறக்கலியா?" இப்படி நாலைந்து நாள் போகட்டும். பிறகு பெயர் சொல்லுங்கள். முதலில் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு அவருடையதைக் கேளுங்கள். அடுத்து ஒரு சின்ன உதவி கேளுங்கள்: இந்தப் பக்கம் நல்ல பல் டாக்டர் யார், சைக்கிளுக்குக் காற்று எங்கே அடிப்பார்கள், இந்த மாதிரி. உதவி கேட்பதற்குக் கூச்சப்படுகிறோம். ஆனால் கேட்கப்பட்டவருக்கு அது பெருமையாக இருக்கும், மறுநாள் "போனீங்களா, பார்த்தாரா?" என்று அவரே பேச்சைத் தொடங்குவார்.

கடைசிப் படி பூங்காவுக்கு வெளியே. பூங்காவுக்குள்ளேயே முடிகிற பழக்கம் பூங்காப் பழக்கமாகவே நின்றுவிடும். நடை முடிந்து கேட் அருகே டீக்கடையில் நிற்பது, உழவர் சந்தைக்கு ஒன்றாகப் போய்க் கீரை வாங்குவது என இடம் மாறிய நாளிலிருந்து பேச்சும் மாறும். ஒருவர் உங்களைவிட வேகமாக நடக்கிறார் என்றால் துரத்தாதீர்கள். மூச்சு வாங்கிக்கொண்டு பேச முடியாது. கை கால் நீட்டும் நேரத்தில் அவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

என்ன பேசறதுன்னு தெரியல. "சொந்த ஊர் எது?"ன்னு கேட்டதும் தீர்ந்துடுது.

சொந்த ஊர் நல்ல சாவிதான், அடுத்த கேள்வியில் பலர் கெடுத்துவிடுகிறார்கள். "ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டால், நீங்கள் வெள்ளந்தியாகக் கேட்டிருந்தாலும், சாதியைத் துருவுகிறீர்கள் என்றுதான் எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். குலதெய்வம் எது என்ற கேள்வியும் அப்படியே. சிலர் அன்றோடு ஒதுங்கிவிடுவார்கள், காரணமும் சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதில் அந்த ஊர் ஆற்றில் இப்போது தண்ணீர் வருகிறதா, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துத் தியேட்டர் இருக்கிறதா, அல்வா எந்தக் கடையில் வாங்குவார்கள் என்று கேளுங்கள். திருநெல்வேலிக்காரரிடம் அல்வாக் கடை பற்றிக் கேட்டுவிட்டால் அரை மணி நேரம் நீங்கள் வாயே திறக்க வேண்டாம்.

முதல் மாதத்தில் மூன்றைத் தவிர்க்கவும்: பென்ஷன் தொகை, பிள்ளையின் சம்பளம், கட்சி அரசியல். "பையனுக்கு இன்னும் கல்யாணம் ஆகலியா?" என்பதும் வேண்டாம். எந்த வீட்டில் எது புண்ணாக இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. சர்க்கரை, முழங்கால் வலி பேசலாம், இந்த வயதில் அது வானிலை மாதிரி. ஆனால் மருந்து சிபாரிசு செய்யாதீர்கள்.

நான் பெரிய பதவியில இருந்தவன். நானே போய்ப் பேசணும்னா ஒரு மாதிரி இருக்கு.

அந்தத் தயக்கம் இயல்புதான். முப்பது வருடம் மற்றவர்கள்தான் உங்கள் அறைக் கதவைத் தட்டியிருப்பார்கள். இங்கே கதவும் இல்லை, அறையும் இல்லை. எளிதான வழி, ஒரு கை வேலையை எடுத்துக்கொள்வது: கூட்டத்துக்கு நாற்காலி போடுவது, தண்ணீர் கேன் சொல்லிவைப்பது, டீ எண்ணிக்கை எடுப்பது. "டீயா, காபியா, சர்க்கரை இல்லாமலா?" என்று நாலு வாரம் கேட்டால் முப்பது பேர் பெயரும் பழகிவிடும்.

கெடுப்பது இரண்டு. பழைய பதவியை முதல் பேச்சிலேயே சொல்வது ஒன்று. "இப்படிச் செஞ்சா சரியா வரும்" என்று வந்த வாரமே திருத்தத் தொடங்குவது இன்னொன்று. "சார்" என்று கூப்பிடுகிறார்களே, நெருக்கம் வரவில்லையோ என்று கவலைப்பட வேண்டாம். நம் ஊரில் இருபது வருட நண்பர்களும் "சார்", "நீங்க" என்றே பேசிக்கொள்கிறார்கள்.

மனைவி இருந்தவரைக்கும் வீட்டுக்கு நாலு பேர் வருவாங்க. இப்ப யாரும் வர்றதில்ல.

வந்தவர்களில் பலர் அவர் சேர்த்து வைத்த மனிதர்கள். யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் வீட்டில் கிரகப்பிரவேசம், யாருக்கு மாவடு பிடிக்கும் என்பதெல்லாம் அவர் தலையில் இருந்தது. அந்த வேலையை இனி நீங்கள் எடுக்க வேண்டும். அவருடைய போனில் அடிக்கடி பேசிய எண்களை ஒரு நோட்டில் எழுதி, எதிரே பிறந்தநாள், திருமண நாள் தெரிந்தால் குறியுங்கள். வாரம் இரண்டு பேருக்குப் போன் செய்யுங்கள். முதல் போனில் அவர் நினைவு வரும், குரல் உடையும், அது பரவாயில்லை. இரண்டாவது போனில் அவர்களைப் பற்றிக் கேளுங்கள். நேரில் போனால் அரை மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் போகாதீர்கள்.

கணவரை இழந்த பெண்களின் சிக்கல் வேறு. சில வீடுகளில் கொலுவுக்கும் வளைகாப்புக்கும் அழைப்பு நின்றுவிடுகிறது. அழைக்காதவர்கள் எல்லோருக்கும் கெட்ட மனசு என்றில்லை, "கூப்பிட்டா சங்கடப்படுவாங்களோ" என்று தயங்குகிறவர்களும் உண்டு. "இந்த வருஷம் உங்க கொலுவைப் பார்க்க வரேன்" என்று நீங்களே சொல்லிவிடுவது ஒரு வழி. அதோடு வாசகர் வட்டம், பாட்டு வகுப்பு, தையல் வகுப்பு என நெற்றியைப் பார்க்காத இடமாக ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பொண்ணு வீட்டுக்கு பெங்களூர் வந்துட்டோம். பாஷையும் தெரியல, பேரனைப் பார்த்துக்கறதுல நேரமும் இல்ல.

பேரன்தான் உங்கள் நுழைவுச் சீட்டு. மாலை 5 மணிக்கு அடுக்குமாடியின் சறுக்கு மரம் பக்கம் நிற்பவர்களில் பாதிப் பேர் உங்களைப் போலவே ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டிகள். மூன்று கேள்வி அங்கேயே தேறிவிடும்: அதே ஆட்கள், அதே நேரம், கையில் குழந்தை. மொழி அவ்வளவு பெரிய தடையில்லை. கன்னடக்காரரிடம் "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டுப் பாருங்கள். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம், நாம் கேட்பதுபோலவே அவர்களும் கேட்பார்கள்.

நேரத்துக்கு மகளிடம் பொதுவாகக் குறைப்பட வேண்டாம். "செவ்வாய், வெள்ளி சாயங்காலம் 5 முதல் 6.30 வரைக்கும் எனக்கு வேணும்" என்று நாள், மணி சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். "எனக்குன்னு நேரமே இல்ல" என்றால் வாக்குவாதம்தான் வரும்.

காது சரியா கேக்கல. பத்துப் பேர் இருக்கற இடத்துல சும்மா சிரிச்சு வைக்கறேன்.

பத்துப் பேர் வேண்டாம், இரண்டு மூன்று பேர் போதும். சுவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்காருங்கள். நன்றாகக் கேட்கும் காது ஆட்கள் பக்கம் இருக்கட்டும். எவர்சில்வர் டம்ளர் சத்தம் அடிக்கும் ஓட்டல் வேண்டாம். "இந்தக் காது கொஞ்சம் மந்தம், இந்தப் பக்கம் உட்காருங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நீங்கள் பதில் சொல்லாததை ராங்கி என்று நினைப்பார்கள்.

அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பரிசோதித்துக்கொள்ளலாம். காதுக் கருவி வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுபவர்கள் நிறைய. முதல் நாளே சந்தைக்குப் போட்டுக்கொண்டு போனால் எல்லாச் சத்தமும் தலையில் அடிக்கும். முதலில் வீட்டில் தினம் இரண்டு மணி நேரம், பிறகு ஒருவரோடு பேசும்போது, அதன்பின் கூட்டத்தில் என்று சில வாரம் பழக்க வேண்டும்.

வாட்ஸாப் குரூப்புல 200 பேர் இருக்காங்களே?

தினம் காலை ரோஜாப்பூ வருவதால் மணி நேரம் சேராது. குரூப்பைச் சந்திப்பு வைக்க மட்டும் பயன்படுத்துங்கள். ஒருவரிடம் தனியாகச் சொல்ல ஏதாவது இருந்தால் குரலாகப் பதிந்து அனுப்புங்கள். பார்வர்டு செய்த பத்துக்கு வராத பதில் அந்த ஒன்றுக்கு வரும்.

எங்க ஏரியாவுல இதெல்லாம் எதுவும் இல்ல. நானே ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம், சின்னதாக. சிரிப்பு யோகாவை மருத்துவர் மதன் கட்டாரியா 1995-இல் மும்பைப் பூங்காவில் ஐந்து பேரோடுதான் தொடங்கினார். கேரம் போர்டு எளிது: ஒரு பலகை, கறுப்பு 9, வெள்ளை 9, சிவப்பு 1, ஒரு ஸ்ட்ரைக்கர், பவுடர். நாலு பேர் ஆட, இரண்டு பேர் காத்திருக்க, ஆறு பேர் கணக்கு. அதற்கு மேல் போனால் காத்திருப்பவர் எழுந்து போய்விடுவார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஜோடியை மாற்றுங்கள், இல்லாவிட்டால் நன்றாக ஆடும் இருவர் நிரந்தர ஜோடியாகி மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். வாரம் ஒரே நாள், ஒரே நேரம், ஒன்றரை மணி நேரம் போதும்.

தலைவர், செயலாளர், பொருளாளர் வேண்டாம். சந்தாவும் வேண்டாம். ஆறு பேருக்கு மூன்று பதவி வந்தால் ஆறு மாதத்தில் இரண்டு அணி ஆகிவிடும். மழை பெய்தாலும் நீங்கள் போய்ப் பலகையை விரியுங்கள். "இருக்கா இல்லையா" என்ற சந்தேகம் வந்துவிட்டால் ஆள் வராது.

மகன் வீட்டுல இருக்கோம். நண்பரைக் கூப்பிட்டா மருமக என்ன நினைப்பாளோ?

முந்தின நாளே சொல்லுங்கள்: யார், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம். காலை 11 அல்லது மாலை 4 தோதான நேரம். காபியை நீங்களே போடுங்கள், பிஸ்கட்டோ முறுக்கோ வெளியில் வாங்கி வையுங்கள். வேலை கூடவில்லை என்று தெரிந்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அதுவும் சரிப்படவில்லை என்றால் வெளியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். டீக்கடை வாசல் பெஞ்சில் வளர்ந்த நட்புக்கும் பலம் குறைவில்லை.

பழகி ரெண்டு மாசத்துல பணம் கேக்கறார். குடுக்கலாமா?

திரும்பி வராவிட்டாலும் வருத்தப்படாத தொகை என்றால் கொடுங்கள், கொடுத்ததை மறந்துவிடுங்கள். அதற்கு மேல் என்றால், "பணமெல்லாம் பசங்க பார்த்துக்கறாங்க" என்று ஒரு வரி. ஜாமீன் கையெழுத்து மட்டும் எந்த நட்புக்காகவும் போடாதீர்கள். கடன் வாங்கியவருக்கு இருக்கும் அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் இருக்கிறது என்பதுதான் இந்திய ஒப்பந்தச் சட்டம். அவர் கட்டாவிட்டால் வங்கி உங்களிடம் வரும்.

சீட்டு, இன்சூரன்ஸ், "மாசம் இத்தனை சதவீதம்" என்ற பேச்சு முதல் பத்து சந்திப்புக்குள் வந்தால், தேடியது நண்பரையா வாடிக்கையாளரையா என்று புரிந்துகொள்ளுங்கள். நேரில் பார்க்காமல் ஆன்லைனில் மட்டும் பழகியவர் அவசரம் என்று பணம் கேட்டால் ஏமாற்று என்றே வைத்துக்கொள்ளலாம். அனுப்பிவிட்டீர்களா? உடனே 1930 சைபர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். தாமதமானால் பணத்தை நிறுத்துவது கடினம்.

வாக்கிங்ல ஒரு அம்மாவோட நல்லா பேசறேன். ஊர் ஏதாவது சொல்லுமோ?

சொல்லும், கொஞ்ச நாளில் ஓயும். மூன்று நாலு பேராக நடந்தால் அதுவும் வராது. வீட்டில் ஒளிக்காமல் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். ஒளித்தால்தான் கதை வளரும்.

ஒருத்தர் தினமும் மருமகளைப் பத்திக் குறை சொல்றார். கேட்டுக் கேட்டு எனக்கே தலைவலி.

நேரத்தைச் சுருக்குங்கள். "ரெண்டு ரவுண்டு உங்களோட, அப்புறம் எக்சர்சைஸ்" என்று சொல்லிவிடலாம். கைவேலை உள்ள இடத்துக்கு, அதாவது கேரமுக்கோ உழவாரப்பணிக்கோ, அவரைக் கூட்டிப் போங்கள். சிலருக்குப் பேச வேறு விஷயம் இல்லாததுதான் கோளாறு. அங்கேயும் அதே பேச்சு என்றால் விலகலாம், பாவம் ஒன்றும் இல்லை.

எனக்கு யாரையும் பார்க்கவே பிடிக்கல. அதுக்கு என்ன பண்றது?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்த விஷயத்திலும் மனம் போகவில்லை என்றால் அது டாக்டரிடம் போக வேண்டிய விஷயம். மனநல உதவிக்கு 14416 எண்ணில் எந்நேரமும் பேசலாம். முதியோர் உதவி எண் 14567. கொஞ்சம் தேறியபின் இந்தப் பக்கத்துக்கு வாருங்கள்.

நெருங்கிப் பழகின நண்பர் போன மாசம் போயிட்டார். மறுபடி ஒருத்தரோட பழகி, மறுபடி இழக்கணுமா?

இதற்கு ஆறுதல் வாசகம் எதுவும் எடுபடாது. காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பியபின், ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள். அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அவரைப் பற்றிப் பேச ஆள் வேண்டும், உங்களுக்கும் வேண்டும். இனி ஒரே ஒருவரிடம் எல்லாவற்றையும் வைக்காமல் நாலைந்து பேராகப் பழகுங்கள்.

அந்த நாலைந்து பேருக்குள் ஒரு ஏற்பாடும் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தங்கள் மகன் அல்லது மகள் எண்ணை மற்றவர்களுக்குக் கொடுத்து வையுங்கள். ஒருவர் சொல்லாமல் இரண்டு நாள் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் காலை 7 மணிக்கு ஒருவர் போன் செய்யட்டும். எடுக்கவில்லை என்றால் பிள்ளைகள் எண்ணுக்கு. அதுவும் எடுக்கவில்லை என்றால் இரண்டு பேர் நேரில் போய்க் கதவைத் தட்டுங்கள்.